தேசிக்காய்த் தழும்பு

குவைத்

அன்புள்ள உம்மாவுக்கு மகள் ஹாஜறாவின் ஸலாம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? என் மகள் பஸீலா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விசயம் நடந்தது, பயப்படாதீர்கள். நான் பார்க்கும் குழந்தை நூறாவின் கையிலும் வாய்க்குக் கீழே நாடியிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து கறுத்துப்போயின. நான் அயன்பெட்டியால் சுட்டதாக எசமானி நினைத்துவிட்டார். பொலிஸ் என்றும் சொன்னார்.

"அல்லாஹ் அறிய நான் சுடல்ல" என்று தமிழிலேயே கத்தினேன். யாருக்கும் விளங்கவில்லை. டொக்டரிடம் போகும்வரை அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது ஓய்வுதான்.

டொக்டர் என்னைப் பார்த்து, "புள்ள எதை வெச்சி விளையாடின?" என்று கேட்டார். முற்றத்து வெயிலில் தேசிக்காய் பிழிந்து விளையாடியதைத் தெரிந்த அரபியில் சொன்னேன். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இப்படித்தான் வரும், தானாக மாறிவிடும் என்றார்.

எசமானி நூறாவை என் கையில் தந்தார். வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

உம்மா, பஸீலாவுக்குச் சட்டை எடுக்க வேண்டும். அவளுடைய உயரத்தை நூலால் அளந்து கடிதத்துக்குள் வையுங்கள். கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நூல் போதாவிட்டால் இன்னொன்றை முடிந்து நீட்டுங்கள், வளர்ந்திருப்பாள்.

மகள்,
ஹாஜறா