சூளைக்குப் போகாத குடம்

அன்புள்ள அக்கா,

உள்ளுக்க வர முதல் வாசலிலேயே நிண்டு, கதவில ஒட்டின இதை வாசியுங்கோ. ரெயின் பிந்தி வந்ததோ? புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்.

பதினைஞ்சு வருசமா சுவீடன் கொம்பனிக்குக் கோப்பை வடிவமைச்சீங்கள். ஒண்டிலயும் உங்கட பேர் இல்லை. பேர் போட்ட முதல் குடத்தை ஹனோவர் கண்காட்சிக்கெண்டு போன மாசம் இங்க செய்து, "காயட்டும், வந்து சூளையில வைக்கிறன், தொடாதையடி" எண்டு சொல்லிப் போட்டுப் போனீங்கள்.

தொட்டிட்டன்.

காலமை அம்மா, "அக்கா வாறாள், நிறைகுடம் வைக்கவேணும், செம்பு எங்க?" எண்டா. "செம்பு என்னத்துக்கு, அக்கா செய்த குடமே இருக்கு" எண்டு நான்தான் தண்ணி நிரப்பினன். தேங்காயை வைக்கேக்க அடி கரைஞ்சு அப்பிடியே சரிஞ்சுது. சுடாத மண் எண்டு யோசிக்கேல்லை. கண்காட்சி வாற செவ்வாய்க்கிழமை.

"பூனை தட்டினது எண்டு சொல்லு" எண்டு அம்மா சொல்லுறா. எங்கட வீட்டில பூனையே இல்லை.

நான் அவுஸ்பில்டுங்கை, அந்தத் தொழிற்படிப்பை, இடையில விட்டபோது திட்டாத ஒரே ஆள் நீங்கள். இண்டைக்குத் திட்டுங்கோ. ஒண்டும் பேசாம நிண்டீங்களெண்டால்தான் எனக்குப் பயம்.

பெல் அடியுங்கோ. உடன திறக்க ஏலாது, கையெல்லாம் ஈரமண், கழுவவேணும். ஆனா திறப்பன்.

உங்கட தங்கச்சி