நான் படித்ததாகச் சொன்ன தாள்

தாஷ்-கெச்சூ,
ஏப்ரல் 9

நுர்ஜாமலுக்கு ஜூராகான் எழுதுவது.

பிஷ்கெக் நகரத்தில் உன் இருப்பிடத்தில் அமைதி நிலவட்டும், உன் தையல் தொழில் தழைக்கட்டும். உடம்பு சௌக்கியமா என்று வழக்கப்படி முதலில் கேட்க வேண்டும். கேட்கப் பேனா எழவில்லை. இந்தக் கடிதமே உன் உடம்பைப் பற்றியதுதான்.

இதை உன் அம்மா முதலில் படிப்பார். போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே வரச் சொன்னார், ரொட்டியைப் பிய்த்து வைத்தார். தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டினார். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை நம்மவர்கள் வாய்விட்டா சொல்கிறார்கள்? நான் கிளம்பவில்லை. உன் போன் எண்ணைக் கேட்டேன். "எதுக்கு? அவ காதுல இன்னும் என்னத்தப் போடணும்? எழுதிக் குடு. உறைய ஒட்டாத. நான் படிச்சுப் பாத்து, அனுப்பலாம்னா அனுப்புறேன்" என்றார். நியாயம்தான்.

இங்கே மார்ச் கடைசி வரை பனி கிடந்தது. கணவாய்ப் பாதையில் மண் சரிந்து பத்து நாள் வண்டி வரவில்லை. சுகாதார நிலையத்துக்கு ஒரு புதிய குளிர்பெட்டி வந்திருக்கிறது. உன் மாமியாராக இருந்த என் தங்கை கலிபாவுக்கு முழங்கால் வலி. அவள் மகன் ஏர்மெக்குக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். இப்படியே எழுதிக்கொண்டு போகலாம் போலிருக்கிறது. சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரி.

சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்பு, உன் இரண்டாவது கருவும் கலைந்த பிறகு, என் தங்கை வீட்டில் யாருக்கும் தெரியாமல் நீ ஓஷ் பட்டணத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாய். டாக்டரைப் பார்க்க மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு நாள் வீட்டிலிருந்து நழுவ உனக்கு வழியில்லை. அதனால் அந்தத் தாளை என்னிடம் கொண்டு வந்தாய். "பெரியம்மா, இதுல ரெண்டு எடத்துல சிவப்புக் கோடு போட்டிருக்காங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன். நுர்ஜாமல், அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. எழுத்துகளை வாசிக்க முடிந்தது, அவ்வளவுதான். நான் நர்சிங் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: மலை நாட்டுப் பெண்ணுக்குக் கழுத்து வீங்கினால் அயோடின் குறைவு. அந்த மாதிரிப் பரிசோதனையின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நாலு பெண்கள் காத்திருந்தார்கள். ஊரே என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறது, நான் டாக்டர் இல்லை என்று ஒரு நாளும் திருத்தியதில்லை. "இது ஒண்ணுமில்ல மகளே. பட்டணத்துக்காரங்க இப்படித்தான் கோடு போட்டு பயமுறுத்துவாங்க. அயோடினைப் பால்ல ரெண்டு சொட்டு விட்டு விடாமக் குடி" என்றேன். தாளை மடித்துக் கொடுத்தேன். நீ என் கையை உன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாய். உன் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

நீ பால் கறக்கும்போது பசுவின் மேலேயே சாய்ந்து தூங்கிவிடுவாய் என்று கலிபா வந்து சொல்வாள். "ஜூன் மாசத்துல கம்பளிக் காலுறை போட்டுக்கிட்டுத் திரியுறா அக்கா. மகாராணிக்குக் குளிருதாம்!" என்பாள். உன் முகம் ஊதியதைப் பார்த்து, "நம்ம வீட்டுச் சாப்பாடு அவ கன்னத்துல ஒட்டுது, வயித்துல மட்டும் ஒட்ட மாட்டேங்குது" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். உன் காதில் விழும்படியே சிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நோயின் அடையாளம். முப்பத்தைந்து வருடம் வெள்ளைக் கோட்டுப் போட்டவள் நான்.

மூன்றாவது கருவும் கலைந்து நீ துடித்தபோது உன்னுடன் இருந்தவள் நான்தான். அது முடிந்து நாலாம் நாள் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். "இவ வயித்துல தங்காது" என்று சொன்னேன். ஒரு வரிதான். ஏர்மெக் உன் மெத்தைகளையும் பெட்டியையும் வண்டியில் ஏற்றினான். உங்களுக்கு வழிவிட வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவளும் நானே.

போன அக்டோபரில் எங்களை ஓஷுக்கு ஒரு வாரப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாடம் எடுத்தவர் பெர்மெட் என்ற டாக்டர், முப்பது வயதுதான் இருக்கும். பலகையில் அவர் எழுதிய முதல் இரண்டு பெயர்கள் உன் தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்த அதே பெயர்கள். "அயோடின் இல்லாம வீங்குற கழுத்து வேற, இது வேற. இதுல உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டை எதிரின்னு நெனச்சு அரிச்சிடுது. சுரப்பு குறைஞ்சா ஆளே மந்தமாயிடுவாங்க. குளிரும், தூக்கமா வரும், முகம் ஊதும், மாதவிலக்கு தாறுமாறாகும். கரு உண்டாகுறதே கஷ்டமாகலாம், உண்டானாலும் கலையலாம். வைத்தியம் ஒரு சின்ன மாத்திரை. தினமும் காலையில வெறும் வயித்துல போடணும்" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போய், பக்கத்து ஊர் நர்ஸ் ஒருத்தி இப்படி ஒரு பெண்ணுக்கு அயோடின் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று கதை கட்டினேன். இந்த வயதிலும் பொய்தான் முதலில் வந்தது. அவர் என்னையே பார்த்துவிட்டு, "அந்த நர்சை என்கிட்ட வரச் சொல்லுங்க, அக்கா. திட்ட மாட்டேன்" என்றார். மறுநாள் காலை, வகுப்பு தொடங்குமுன், அது நான்தான் என்று சொன்னேன். அயோடினால்தான் உனக்கு அப்படி ஆனதா என்று கேட்டேன். "அடிச்சுச் சொல்ல முடியாது. அளவுக்கு மேல போனா சிலருக்கு நோய் இன்னும் மோசமாகும். மாத்திரை குடுத்திருந்தாலும் நிச்சயம் பொறந்திருக்கும்னும் சொல்ல முடியாது. ஆனா அவங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார். என்னைக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, விடுவிக்கவும் இல்லை. அந்த வாய்ப்பை உன் கையில் மடித்துக் கொடுத்து அனுப்பியவள் நான் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

ஊருக்குத் திரும்பியதும் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். உன்னைப் போல ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரையும் இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தேன். நாலு பேருக்கு இதே நோய். அதில் ஒருத்தி, கடைசித் தெரு குல்சினா, மாத்திரை தொடங்கிய பிறகு கருவுற்று, இப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். உனக்கு இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் வாசலுக்கு வந்திருக்க வேண்டியது ஏழு வருடம் கழித்து இன்னொருத்தி வாசலுக்கு வந்திருக்கிறது என்றுதான் உனக்குப் படும். ஆனாலும் உன்னிடம் மறைப்பதற்கு இனி எதுவும் வேண்டாம்.

உன்னைப் பற்றிக் கூடத்தில் வைத்துச் சொன்னதைக் கூடத்தில் வைத்தே திரும்பப் பெற வேண்டும் என்று பட்டது. கலிபாவின் பேரனுக்குத் தொட்டில் வைக்கும் விருந்தில் ஒருத்தி உன் பேச்சை எடுத்தாள். "நல்ல வேளை, அந்த மலட்டுப் பீடை போச்சு, வீடு நெறஞ்சுது" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து நின்றேன். நுர்ஜாமலுக்கு இருந்தது வைத்தியம் செய்யக்கூடிய ஒரு நோய், அந்தத் தாள் என் கையில் இருந்தது, எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி நடித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கலிபா, "எம் பேரன் தொட்டில்ல படுக்குற நாள்ல இத எந்த வாயால சொல்ற? நீ எல்லாம் ஒரு அக்காவா? எந்திரிச்சுப் போ!" என்று கத்தினாள். இன்றுவரை அவள் என்னுடன் பேசவில்லை.

கறித் தட்டோடு கதவருகே நின்ற ஏர்மெக்கும் எல்லாவற்றையும் கேட்டான். ஒரு வாரம் கழித்து சுகாதார நிலையத்துக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, "அப்போ அவ சோம்பேறி இல்லையா, பெரியம்மா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். அவன் பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான். அவன் சார்பாக எதையும் எழுத எனக்கு உரிமையில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டால் பதில் சொல்லும் பாரமும் உன் தலையில் விழும். அதனால் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிஷ்கெக்கில் ஒரு நல்ல டாக்டரைப் பார். என்னென்ன பரிசோதனை என்று பெர்மெட் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு முப்பத்து நாலுதான் ஆகிறது. நீ மறுபடி கல்யாணம் செய்துகொண்டாயா, பிள்ளை வேண்டுமென்று இன்னும் நினைக்கிறாயா, எனக்குத் தெரியாது. அதெல்லாம் உன் இஷ்டம். பிள்ளை இல்லாவிட்டாலும் இந்த நோய்க்கு மருந்து வேண்டும். நீ களைப்பில்லாமல் வாழ வேண்டும்.

இன்னும் ஒன்று. அன்று உங்கள் வீட்டில் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், உன் அம்மா வெகுநேரம் மேசைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் அவளச் சொமந்துக்கிட்டு புகையிலைத் தோட்டத்துல வேலை செஞ்சேன். அதனாலதான் எம் பொண்ணுக்கு இப்படி ஆச்சுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். அதில்லையா?" இந்த எண்ணத்தால்தான் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தார் போல. அதில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வருவதை அந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

நீ சொன்னால் நம்புவார், நுர்ஜாமல். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு ஒரு போன் செய்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தரட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் பெரியம்மா என்று கையெழுத்திடத் தகுதியில்லாத
ஜூராகான்