சாவுச் செய்தி ஆட்டோவில் உங்கள் குரல்

அண்ணா,

இன்று மத்தியானம் வேலை முடிந்து திரும்பும்போது, பூதலூர் ரயில்வே கேட் அருகே அந்த ஆட்டோ எதிரே வந்தது. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றீர்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

ரேடியோவுக்கு வருமுன் சவுண்ட் சர்வீஸ் கடையில் இருந்தபோது நீங்கள் பேசிப் பதிவு செய்து கொடுத்தது அது. இறந்தவர் பெயரையும் அடக்க நேரத்தையும் மட்டும் கடைக்காரர் தன் குரலில் சேர்த்துக்கொள்வார். தஞ்சாவூரில் பெரிய ஆர்ஜே ஆன பிறகும் அதை மாற்ற நீங்கள் விடவில்லை. "காலையில சிரிக்க வைக்கிறதும் நான்தான், சாயங்காலம் அழ வைக்கிறதும் நான்தான். வேற யாருக்கு இந்த யோகம், சொல்லு" என்று என்னைச் சீண்டுவீர்கள்.

மைக்கைத் திறந்ததும் உங்கள் குரல் துள்ளும். காய்ச்சலோடு வந்த நாளிலும் துள்ளியது. நடவுக்குப் போகிற பெண்கள் போன் போட்டு, தம்பி பேசினால்தான் தங்களுக்கு விடிகிறது என்பார்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் நாற்காலியில் சாய்ந்துவிடுவீர்கள். அது முடியும்வரை ஒரு வார்த்தை வராது. பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நீங்கள் போன அன்று உங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். ஆட்டோ தெருவுக்குள் வந்தது. வருத்தம் தெரிவித்தது நீங்கள். அடுத்து கடைக்காரர் குரலில் வந்தது உங்கள் பெயர். பதற்றத்தில் அவருக்குப் பதிவை மாற்றத் தோன்றவில்லை. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இப்போது உங்கள் இடத்தில் உட்கார்ந்து காலை வணக்கம் சொல்லும்போதும் அந்த அறிவிப்பு காதில் கேட்கிறது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கடைக்காரரிடம் போய் அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னேன். அவர் தயார்தான், உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். அம்மா ஒப்பவில்லை. ரேடியோவில் நீங்கள் பேசியதெல்லாம் போனில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அது ஊருக்குப் பேசினதும்மா. இதுலதான் எம்புள்ள வீட்ல பேசுற மாதிரி பேசுறான். இருந்துட்டுப் போகட்டும்."

ஆட்டோ சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்களாம். எனக்குக் கோபம்கூட வந்தது. யாரோ செத்தால்தான் கிடைக்கிற குரலுக்கு இப்படியா காத்திருப்பது?

இப்போது நானும் அப்படித்தான் இருக்கிறேன். உங்கள் குரல் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அதன் பின் வரும் பெயர் காதில் விழுவதே இல்லை. போன வாரமும் அப்படித்தான் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இறந்தது என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள் என்று, அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.