அப்பா பூசிய கிறீஸ்

ஜூன் 3
அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காத மாதிரி நடிக்கிறார்.
இன்று மூன்று தரம் கத்தினேன், முற்றத்தில் கிடக்கிற என் ஆட்டப் பாயை எடுங்கள் என்று. தலை நிமிராமல் வலை தைத்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பாயில் கீரிமீன் காயப் போட்டிருந்தாள். நாலு அம்புக்குறியும் மீனுக்குக் கீழே. "பிளாஸ்டிக் பாய்தானே பிள்ளை, மணல் ஒட்டாது" என்கிறாள். உப்புத்தண்ணி உள்ளே வயருக்கு இறங்கி, பாய் செத்துப்போயிற்று.
டிவியில் பூட்டி ஆடுகிற பாய் அது. திரையில் அம்பு ஏறி வரும். பாட்டின் தாளத்துக்கு அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 5
சோழகக் காற்று பேயாக வீசுகிறது. அப்பாவின் படகு கரையில். நான் வேலை செய்யும் விடுதியில் அறை ஒன்றும் காலியில்லை. எங்களைப் பட்டினி போடுகிற காற்றுக்காகவே, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற கைட்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். கரைவலை இழுத்த இடத்தில் இப்போது விடுதிக்காரரின் கயிற்று வேலி.
விடுதிக்கு வந்த பெல்ஜியம்காரி கடலில் துள்ளினால் அது விளையாட்டு. நான் என் வீட்டுக்குள் துள்ளினால் பக்கத்து வீட்டு அல்பொன்சா மாமி வேலிக்கு மேலால் கேட்கிறா: "உங்கட மகளுக்குக் கால்ல சன்னியோ?"

ஜூன் 8
இரும்பு ஆட்டப் பாய் வாங்குவது என்று முடிவு. நீர்கொழும்பில் ஒரு பெடியன் கொரியா போகிறானாம், தன்னுடையதை விற்கிறான். என் சீட்டும் விழுந்துவிட்டது.
அம்மா: "அதில ஒரு சோடித் தோடு எடுக்கலாமே."
"தோட்டை மிதிக்கேலாது அம்மா."
அப்பா வலையிலிருந்து தலை நிமிரவில்லை. வழக்கம்போல.

ஜூன் 15
கொண்டு வந்துவிட்டேன்! பஸ்ஸில் கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான், இது என்ன என்று. தராசு என்றேன். விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. அந்தப் பொய் எங்கள் மாம்புரிச் சந்தி வரைக்கும் என்னோடு வந்தது. இன்னாசித்தம்பி மாமா இறால் கூடையோடு நின்றவர், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ தாங்கும் பிள்ளை?" என்றார். கூடையை வைத்தும் பார்த்தார்.
சந்தியிலிருந்து அப்பா தனியாகத் தோளில் தூக்கி வந்தார். வீட்டில் இறக்கி, ஒவ்வொரு ஆணித் தலையாக விரலால் தடவினார். "இரும்பு" என்றார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

ஜூன் 16
வழுக்கவில்லை. சுருளவில்லை. நான் மிதித்தால் அது திருப்பி மிதிக்கிறது.

ஜூன் 19
இடது அம்பை இன்று ஒரு தரம்கூடத் தவறவிடவில்லை.

ஜூன் 21
எழுதக் கை வரவில்லை.
வேலையால் வந்து பாயில் ஏறினேன். ஒரு அம்பும் வேலை செய்யவில்லை. பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கிறீஸ். ஒன்றையொன்று தொட வேண்டிய செப்புத் தகடுகளுக்கு நடுவிலும் விரல் தடிப்பில் கிறீஸ். படகு எஞ்சினுக்குப் பூசுகிற அதே கிறீஸ்.
அப்பா பின்பக்கம் பைப்படியில் குந்தி, எனக்கு முதுகு காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தார். கத்தினேன். "உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எஞ்சினும் மீன் நாத்தமும்தான். நீங்க தொட்டு எது உருப்பட்டது இந்த வீட்டில?"
அவர் திரும்பவில்லை. இரண்டு அடி தூரம். கழுவி முடித்து எழும்பியபோதுதான் என்னைக் கண்டார். சிரித்தார்.
"வந்திட்டியா மகள்? உப்புக்காத்து இனி ஒண்டும் செய்யாது. உள்ளுக்கும் பூசிப்போட்டன்."
நடிக்கவில்லை. அந்தச் சிரிப்பை யாராலும் நடிக்க முடியாது.
அம்மா குசினியில் வைத்துச் சொன்னாள்: "வலக்காது போய் ரெண்டு வருசம். இடதும் இப்ப குறைஞ்சு வருது. உனக்குச் சொல்ல வேண்டாமெண்டார், டெனிஷா."
முப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த மனுசன். எங்கள் விடுதியில் ஜெனரேற்றர் சத்தத்துக்கு விருந்தாளிகளுக்குக் காதடைப்பான் கொடுக்கிறோம், கேட்காமலே, சும்மா. தினமும் அந்தப் பெட்டியை நிரப்புகிறவள் நான். ஒரு சோடி வீட்டுக்குக் கொண்டுவர ஒருநாளும் தோன்றவில்லையே எனக்கு?

ஜூன் 22
பூசையால் வந்து, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். நேற்றுச் சொன்னதை அல்ல. அதைச் சொல்லமாட்டேன். தகடும் தகடும் தொட்டால்தான் கரண்ட் ஓடும், கிறீஸ் இருந்தால் ஓடாது என்று.
"எஞ்சின் பிளக்கில எண்ணெய் ஏறின மாதிரி" என்றார். முகம் செத்துவிட்டது. பிறகு பெற்றோலும் தன் பழைய பல் தூரிகையும் எடுத்து வந்து, பின்னேரம் வரைக்கும் தகடு தகடாகத் தேய்த்தார். வெளியே ஆணிகளில் மட்டும் கிறீஸை விட்டார். அது சரி என்று நானும் விட்டேன்.
சரிபார்க்க யாராவது ஏறி நிற்க வேண்டும். "ஏறுங்க அப்பா."
"பாட்டு எனக்குக் கேக்காதே மகள்." என்னிடம் முதன்முறையாகச் சொன்னார்.
"கேக்கத் தேவையில்லை. அம்பைப் பாருங்க."
எல்லாவற்றையும் தவறவிட்டார். ஒலிபெருக்கியைத் தரையில், பாயோடு ஒட்டி வைத்தேன். வெறுங்காலோடு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். "இந்தா, கால்ல வருது" என்றார்.

ஜூன் 26
வேலிக்கு மேலால் அல்பொன்சா மாமி, அப்பா துள்ளுவதைப் பார்த்துவிட்டு: "பேதுரு அண்ணைக்கும் சன்னியோ?"
"ஓம் மாமி. தொத்து வருத்தம். கவனம்."

ஜூலை 1
காதுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஐந்து மணித்தியாலம் மர வாங்கில் குந்தி இருந்தோம். கருவி போட்டால் இடது காதால் கேட்கலாமாம். பெயரைப் பதிந்திருக்கிறார்கள். எப்போது வரும் என்றால், கடிதம் வருமாம். அடுத்த மாதமும் போய்க் கேட்பேன். அதற்கடுத்த மாதமும். அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சோடி காதடைப்பான் வைத்திருக்கிறேன். கடலுக்குப் போகும்போது போடாவிட்டால் கொலை விழும் என்று சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6
காற்று நிற்கவில்லை, படகு இறங்கவில்லை. அப்பா பூசையால் வந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் ஏறியவர்தான், இறங்கவில்லை. பாயின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்து, உதட்டைக் கடித்து, மிதி மிதியென்று மிதிக்கிறார். இடது அம்பில் என்னைவிடக் கெட்டிக்காரர். அம்மா தேத்தண்ணி வைத்தாள், ஆறிவிட்டது.
எனக்கு இன்று ஒருநாள்தான் லீவு. மூன்று தரம் கத்தினேன். பிறகு அவருடைய இடது பக்கம், கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றேன். கடைக்கண்ணால் என்னைக் கண்டார். கண்டதை நான் கண்டேன். உடனே திரையைப் பார்த்துக்கொண்டார்.
"அப்பா, இறங்குங்க. என்ர முறை."