பன்றிக் கம்பி

ஒக்டோபர் 24, 2009. சனி இரவு.

சுனாமிக்குப் பிறகு நான் கடற்கரைக்கே போவதில்லை. நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது, வயல்வெளியிலாவது பிள்ளை பயமில்லாமல் ஓடட்டும் என்று இன்று மச்சானோடு (என் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சம்மாந்துறை வயலுக்குப் போனோம். மழை விட்டு, விதைத்த நெல் இளம்பச்சையாக முளைத்திருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மகள் தும்பியைத் துரத்திக்கொண்டு வரம்பில் ஓடினாள்.

பக்கத்து வயல்காரர் கத்தினார். “புள்ளயப் புடிங்க! பண்டிக்கிக் கட்டின கரண்டுக் கம்பி கிடக்கு!”

மச்சான் பாய்ந்து சட்டையில் பிடித்தார். கம்பிக்கு ஒரு சாண்தான் இருந்தது.

“காலையில நிப்பாட்டினதான்” என்றார் அந்த மனிதர். பிறகு, “நிப்பாட்டின எண்டுதான் நினைக்கன்.”

வரும் வழியில் மச்சான் சொன்னார்: “அவர் கட்டினா பண்டியெல்லாம் நம்மட வயலுக்குத்தான் வரும். நாமளும் கட்டத்தான் வேணும்.”

“மழைக்கு வாய்க்கால்ல மீன் புடிக்க வாற புள்ளைகள்?”

“இரவையில ஆரு வாற? சும்மா இரு புள்ள.”

கதவு பூட்டப் போனபோது பார்த்தேன், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பிச் சுருள். ஏற்கெனவே வாங்கிவிட்டார். இழுத்து வந்து கட்டிலுக்குக் கீழே, என் பக்கம் தள்ளிவிட்டேன். விடியச் சுபஹு தொழுதுவிட்டுத் தேடுவார். தேடட்டும். என்னை எழுப்பித்தான் கேட்க வேண்டும்.