இருபது மடங்கு ஆழம்

மார்ச் 4

மாண்புமிகு சிற்பியாருக்கு,

கரை சேர்ந்துவிட்டேன், நலம். வீட்டில் இரண்டு உறைகள் காத்திருந்தன. அருங்காட்சியகத்தில் நீங்கள் செய்த கடல்தரை மாதிரியின் திறப்பு விழா அழைப்பு ஒன்று. உங்கள் வக்கீலின் விவாகரத்து நோட்டீஸ் மற்றொன்று. முதலில் மாதிரியைப் போய்ப் பார்த்தேன்.

கரையோரத் திட்டு முடிந்ததும் செங்குத்தாக ஒரு சுவர், கீழே பாதாளம். ஒரு குழந்தை அம்மாவின் கையை இறுக்கிக்கொண்டு, "விழுந்துட்டா என்னம்மா ஆகும்?" என்றது. ஒன்றும் ஆகாது. அது நான் கப்பலில் போய் அளந்த சரிவு. தண்ணீரை வடித்துவிட்டால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு சைக்கிளில் இறங்கலாம். ஆழத்தை மட்டும் இருபது மடங்கு இழுத்திருக்கிறீர்கள். எல்லோரும்தான் இழுக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் அதை எழுதிவைப்பார்கள்.

பிறகு நோட்டீஸைப் படித்தேன். அதே கைவண்ணம். நான் சுவரைப் பார்த்து எறிந்த ஒரு கரண்டி 'பாத்திரங்களால் தாக்கினார்' ஆகியிருக்கிறது. வேலைக்குப் போனது 'கைவிட்டு ஓடினார்' ஆகியிருக்கிறது. மாதிரி, நோட்டீஸ் இரண்டின் அடியிலும் 'ஆழம் இருபது மடங்கு மிகைப்படுத்தப்பட்டது' என்று எழுதுங்கள். அதுவரை கையெழுத்து கிடையாது.

இன்னமும் சட்டப்படி உங்கள்,
கப்பல்காரி


மார்ச் 11

கப்பல்காரிக்கு,

அது இரும்புக் கரண்டி. சுவரில் பள்ளம் இருக்கிறது, வந்து அளந்துகொள்.

"பார்த்ததும் வயித்தைக் கலக்கணும்யா" என்றார் அருங்காட்சியக இயக்குநர். கலக்கினேன். நீ மாதக்கணக்கில் கடலில் கிடந்தபோது இங்கே எனக்கும் கலக்கியது. அதை எத்தனை மடங்கில் வரைவதாம்?

ஆழம் அளக்கும் கருவியோடு கடலடிக்கு இறக்கிப் பார் என்று பூ வரைந்து கொடுத்தேனே, அந்தத் தெர்மாகோல் கோப்பை எங்கே? எறிந்திருப்பாய். எறிவதில் கெட்டிக்காரி.

சிற்பி


ஏப்ரல் 2

அன்புள்ள கப்பல்காரிக்கு,

நீ பதில் போடவில்லை. அந்த எரிச்சலில், பட்டறையில் ஆழத்தை இழுக்காமல் உண்மை அளவிலேயே ஒரு மாதிரி செய்தேன். ஐந்து மீட்டர் பலகையில் கடலின் சராசரி ஆழம் நாலு மில்லிமீட்டர். வெயில் எட்டும் அடுக்கு, ஒரு பூச்சு பெயிண்ட். அதற்குக் கீழே எல்லாம் இருட்டு. மிக ஆழமான அகழிக்கு என் சுண்டுவிரல் நகம் போதுமானதாக இருந்தது. இயக்குநர் வந்தார். நடுக்கடலில் டீ டம்ளரை வைத்துவிட்டு, "எங்கய்யா மாதிரி?" என்றார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு யோசித்தேன். நம் இருவருக்கும் நடுவே இருப்பதும் இந்த நாலு மில்லிமீட்டர்தானே! இதற்கா வக்கீல்? நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன். வந்துவிடு.

புத்தி தெளிந்த,
உன் சிற்பி


ஏப்ரல் 9

சிற்பிக்கு,

அளவு சரி. பாராட்டுகள். அந்த நாலு மில்லிமீட்டருக்குள்தான் இதுவரை மூழ்கிய கப்பல்கள் எல்லாம் கிடக்கின்றன.

கோபம் வந்தால் பாதாளம், தனிமை வந்தால் பெயிண்ட் பூச்சு. இரண்டையும் நீங்கள் மேலே நின்றுகொண்டே செய்தீர்கள். "கீழே என்ன இருக்கு?" என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. நான் சொல்ல வந்தபோதெல்லாம், "சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றீர்கள். நன்றாகச் சாப்பிட்டோம்.

கோப்பையை நான் எறியவில்லை. அடித்தரை வரை போய்வந்தது. உடையவில்லை, நீங்கள் வரைந்த பூகூட அழியவில்லை. மேலே இருந்த தண்ணீரின் எடை அதிலிருந்த காற்றையெல்லாம் பிழிந்துவிட்டது. இப்போது கட்டைவிரலுக்குத் தொப்பியாக மாட்டலாம். வெயிலில் வைத்துப் பார்த்தேன், மேசையில் வைத்துப் பார்த்தேன். பழையபடி விரியவில்லை.

விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாளும் கோப்பையும் இத்துடன் இருக்கின்றன. கோப்பையைக் காட்சிக்கு வைப்பதானால், அடியில் மறக்காமல் எழுதுங்கள்: 'உண்மை அளவு.'

கப்பல்காரி