மலர் ஒன்று, மலர் இரண்டு

போகிறவர்களுக்கெல்லாம் வழி சொன்ன என் அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் வருஷத் திதி. அம்மா பலாக்காய்க் கறி சமைத்தார். முன்னறையில் உங்கள் படத்துக்குப் போட்ட மாலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ஒரு பக்கத்துக் காதை மறைத்தது. நான் கதிரையில் ஏறி அதை நகர்த்திவிட்டேன். உங்களுக்குக் காது முக்கியம் அல்லவா?

இந்தக் கடிதம் எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றச் சஞ்சிகைக்கு. மறைந்தவர் ஒருவருக்குக் கடிதம் எழுதும்படி தமிழ் ஆசிரியை சொன்னார். எனக்குத் துக்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருக்கிறது, அதை எழுதலாமா என்று கேட்டேன். உண்மையாக இருந்தால் எழுது என்றார். அதே ஆசிரியைதான் முன்பொரு நாள் 'அழுக்காறு' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டவர். பொறாமை என்று வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நான் நிறைய வாசிக்கிறவள் என்பதால் தெரிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் எனக்குப் பொறாமை விமானிகள் மேல்தான். சென்னைக்குப் போகிறவர், மாலைதீவுக்குப் போகிறவர், சிங்கப்பூருக்குப் போகிறவர் எல்லோருக்கும் உங்கள் குரல் கிடைத்தது. தீபாவளியன்றும் கிடைத்தது. நீங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வேலை முறை முடித்து, கண்டி பஸ்ஸில் ஏறி, அம்பிட்டிய வீட்டுக்கு வந்து சேரும்போது குரலில் பாதி தீர்ந்திருக்கும். மீதியில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

உங்கள் வேலையைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் நான் சண்டை பிடித்திருக்கிறேன். "உங்கப்பா பிளேன் ஓட்டுறவரா?" என்பார்கள். இல்லை. "பிளேன இறக்கி விடுறவரா?" அதுவும் இல்லை. புறப்படப் போகிற விமானத்துக்குப் புறப்பாட்டு வழி கொடுப்பவர். இயந்திரத்தை இயக்கும் முன்பே விமானி உங்களை அழைப்பார். போகும் ஊர், எந்த வழியால் ஏறுவது, முதலில் எந்த உயரத்தில் நிற்பது, ராடார் திரையில் அவரை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண், இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்வீர்கள். அந்த வழிக்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். எங்கே திரும்புவது, எதைத் தாண்டும்போது எவ்வளவு உயரத்தில் இருப்பது என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே அடக்கம். வெளியே முகிலைத் தவிர ஒன்றும் தெரியாவிட்டாலும், கருவிகளைப் பார்த்துக்கொண்டே அதில் போய்விடலாம். காற்று திசை மாறி ஓடுபாதையின் மறுமுனையால் கிளம்ப வேண்டி வந்தால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் வேறு வழி கொடுக்க வேண்டும்.

விமானி அதைச் சொல் பிசகாமல் திரும்பச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டு, சரி என்ற பிறகுதான் அது அவருடைய வழி.

"சொல்றது பெரிய வேல இல்ல, மலர். திரும்பச் சொல்றப்ப கேக்கிறதுதான் வேல," என்பீர்கள். "காதுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. எதிர்பாக்கிறதத்தான் கேக்கும்."

வீட்டிலும் அதையே வழக்கமாக்கினீர்கள். வாசலைத் தாண்டிப் போகிறவருக்கு வீட்டில் இருக்கிறவர் வழி சொல்ல வேண்டும். போகிறவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொல்ல வேண்டும். நான் பாடசாலைக்குக் கிளம்பினால் நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் வேலைக்குக் கிளம்பினால் நான் சொல்வேன். வான்வழிகளில் வருகிற இடங்களுக்கு ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பெயர்தான் வைப்பார்கள் என்று சொல்லி, ஐந்தெழுத்தில் அடங்கிய என் பெயரை எங்கள் வழிக்கு வைத்தீர்கள். மலர் ஒன்று. கேட்டைத் தாண்டி இடது, படிகளில் இறக்கம், கடைசிப் படியருகே நாய் கவனம், தண்ணீர்த் தாங்கியில் வலது, ஒற்றையடிப் பாதையில் அந்தோணியார் சுரூபம், பேக்கரிச் சந்தியில் கண்டி பஸ்.

"சரஸ்வதின்னு பேரு வச்சா வழி ரொம்ப நீளமாப் போயிருமாம்," என்று தன் பெயரைச் சொல்லி அம்மா குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். பொறாமை இந்த வீட்டுக்குப் புதிதில்லை.

ஒருநாள் நீங்கள் அவசரத்தில் தண்ணீர்த் தாங்கியில் இடது என்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் வழக்கம்போல வலது என்று திரும்பச் சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள். குசினியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார்.

"அவரு இடதுங்கிறாரு, இவ வலதுங்கிறா, சரிங்கிறாரு. இதுக்கா ஒங்களுக்கு சம்பளம் குடுக்கிறாங்க?"

நீங்கள் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு என்னைத் திரும்பவும் கேட்டருகே நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைத்தீர்கள். உங்கள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

உங்களுக்கு நான் கடைசியாக வழி சொன்ன நாளில் இருவருமே பிழை விடவில்லை. அதற்குப் பிறகுதான் கட்டுநாயக்க விடுதி அறையில், தூக்கத்திலேயே, நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் சட்டைகள் எல்லாம் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. பெரியப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். மலர் ஒன்று எனக்கும் உங்களுக்கும் மட்டுமே உரிய ஒன்று என்பதில் இந்த ஒரு வருஷமும் எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. உலகத்துக்கெல்லாம் வழி கொடுத்தவர், என் பெயரில் ஒன்றை எனக்கு மட்டும் கொடுத்தார். வேறு எதை யார் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

அப்போதுதான் துவாரகா அக்கா வந்தார்.

உங்களோடு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை செய்தவர், சாவகச்சேரிக்காரர். திதிக்கு வரச்சொல்லி அம்மாதான் அழைத்திருந்தார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து, மேல் றோட்டால் வந்து இறங்கினார். கையில் வாழைப்பழச் சீப்பு. என்னைப் பார்த்ததும், "நீர்தானே மலர்?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. முன்பு உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாராம். இப்போது உங்கள் கதிரையில் இருக்கிறாராம். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

அவரும் பின்னால் வந்து, அம்மா தடுக்கத் தடுக்கத் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். நான் துடைத்து அடுக்கினேன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அங்க அப்பாவோட கொரல் எப்படி இருக்கும்?"

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினார். "இப்பிடி, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரித்தான். நாலைஞ்சு விமானம் ஒரே நேரம் கூப்பிட்டாலும் அந்தக் குரல் அவசரப்பட்டு ஓடாது. முதல் கூப்பிட்டவனுக்குச் சொல்லி முடிச்சிட்டுத்தான் மற்றவன்."

நீங்கள் அங்கே அப்படியா, அப்பா? இங்கே சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று அறைக்குக் கேட்கும்படி கத்துவீர்களே. எது உங்கள் குரல்? எனக்குத் தெரிந்ததா, அவருக்குத் தெரிந்ததா? அந்தக் கோபுரத்தின் படியில்கூட நான் கால் வைத்ததில்லை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பீர்கள். மகள் வெளியாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை அக்கா கவனித்திருக்க வேண்டும். "ஒண்டு சொல்லட்டே?" என்றார். "எனக்கு உம்மைக் கண்ணால காண முந்தியே பிடிக்காது. கொஞ்சம் ஓய்வு கிடைச்சால் மலர் இதை வாசிச்சவள், மலர் அதைக் கேட்டவள். உம்மட சோதனை முடிவு எனக்கு என்ர தம்பியின்ர முடிவைவிட நல்லாத் தெரியும். எங்கட அப்பா என்னைப் பற்றி வெளியில ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க மனமில்லை. அவர் என் மேல் பொறாமைப்பட்டதால் என் பொறாமை குறைந்துவிடுமா?

சாப்பாடு முடிந்து அவர் புறப்படும்போது, அக்காவைச் சந்தி வரை கொண்டுபோய் விடும்படி அம்மா என்னிடம் சொன்னார். துவாரகா அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே, "வேண்டாம் அன்ரி, வழி தெரியும்," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மலர் ஒன்றுதானே?"

அப்பா, அந்த நேரத்தில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. செத்துப்போனவரோடு கோபித்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? அதையும் அவரிடம் சொல்லிவிட்டீர்களா? ஓடுபாதையையும் கடலையும் பார்த்துக்கொண்டு, நம் வீட்டுப் படிகளை அவருக்குச் சொல்லிக் காட்டினீர்களா?

"எங்க, சொல்லுங்க பாப்போம்," என்றேன். பிழை விடுவார் என்றுதான் கேட்டேன். பிழை விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கேட்டைத் தாண்டி இடது. படிகளில் இறக்கம். கடைசிப் படியருகே நாய் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்த் தாங்கியில் வலது. அந்தோணியார். பேக்கரி. அந்த நாயைக்கூட விடவில்லை. அந்தப் படிகளில் ஒருமுறைகூட நடக்காத ஒருவர், உங்கள் வாயிலிருந்து விழுந்த மாதிரியே சொல்லி முடித்தார்.

"அந்த வழி இப்ப இல்ல," என்றேன்.

நீங்கள் போனதற்குப் பிறகு பெய்த பெருமழையில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. ஒற்றையடிப் பாதை முழுவதும் கீழே கிடக்கிறது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தோணியார் சுரூபம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்கள் சந்திப் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். உங்களிடம் இதைச் சொல்லவில்லை அல்லவா? எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் மேல் றோட்டால் போய்வரத் தொடங்கிவிட்டோம். அந்த வழிக்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் உங்களுடையது போய்விடும் என்று நினைத்தேன்.

துவாரகா அக்கா கேட்டருகே நின்று, சரிந்த சிவப்பு மண்ணை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வேலை செய்கிறவரின் முகமாக மாறியதைப் பார்த்தேன்.

"அப்ப நான் சொன்னது செல்லாது. எண் மாறியிருக்க வேணுமே."

அது எனக்கும் தெரியும், நீங்கள்தான் சொன்னீர்கள். வழியில் ஒரு திருப்பம் மாறினாலும் பெயரை அப்படியே விட்டுவிட்டு எண்ணைக் கூட்டுவார்கள். பழைய வழியை மனதில் வைத்திருக்கிறவர் பழைய எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வார்.

"யாரு மாத்துறது?" என்று கேட்டேன்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அம்மாதான் சொன்னார். "இருக்கிறவதான் சொல்லணும். அந்தப் புள்ளைக்கு பஸ் போயிரும், சொல்லு."

சொன்னேன். மலர் இரண்டு. கேட்டைத் தாண்டி வலது, மேல் றோட்டில் ஏற்றம், பாலர் பாடசாலையைச் சுற்றி இடது, பேக்கரிச் சந்தியில் கண்டி பஸ். குரல் நடுங்கவில்லை. முதலில் கூப்பிட்டவருக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னேன்.

துவாரகா அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டும் என்றும் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மலர் ஒன்று. கேட்டைத் தாண்டி வலது, மேல் றோட்டில் ஏற்றம், பாலர் பாடசாலையைச் சுற்றி இடது, பேக்கரிச் சந்தியில் கண்டி பஸ்."

எல்லாம் சரியாக இருந்தது. சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஏனென்றால் என் காதும் அதைத்தான் எதிர்பார்த்தது, அப்பா. ஒரு வருஷமாக அது ஒன்று என்பதை மட்டும்தான் கேட்க விரும்பியது. ஒன்று என்றால் நீங்கள் இன்னும் அந்தப் பழைய வழியில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயைப் பார்த்து ஒதுங்கி நடந்துகொண்டிருப்பீர்கள்.

"இல்ல," என்றேன். "மலர் இரண்டு."

துவாரகா அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டார். நாள் முழுவதும் அடுத்தவர் பிழையைப் பிடிக்கிறவர். அந்தக் கண்களில், அன்றைக்குப் படியில் உட்கார்ந்தபோது உங்களிடம் கண்ட அதே பயம். பிறகு நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து சொன்னார். மலர் இரண்டு என்று சொன்னார்.

"திரும்பச் சொன்னது சரி," என்றேன்.

அவர் வலது பக்கம் திரும்பி ஏறிப் போனார். வளைவு மறைக்கும் வரை நின்று பார்த்தேன். நீங்கள்கூட ஒரு விமானம் முகிலுக்குள் நுழையும் வரை பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது பொறாமை போய்விட்டது என்று எழுதினால் ஆசிரியைக்குப் பிடிக்கும். ஆனால் அது பொய். அவர் நாளைக்கும் உங்கள் கதிரையில் இருப்பார், சென்னைக்குப் போகிறவருக்கு வழி கொடுப்பார், எனக்கு வயிறு எரியும். மலர் ஒன்றை அவர் வைத்துக்கொள்ளட்டும். அதில் இனி யாரும் நடக்க முடியாது. மலர் இரண்டு என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்கே தெரியாது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. தெரியாது என்பதுதான் வலியும்.

அந்த விடுதி அறையிலிருந்து உங்களைக் கடைசியாக அனுப்பியது யார்? எந்த வழி சொன்னார்கள்? நீங்கள் திரும்பச் சொன்னீர்களா, கேட்டுச் சரி பார்க்க அங்கே யாராவது இருந்தார்களா?

இன்னொரு மழையில் மேல் றோட்டும் போகலாம். அப்போது மலர் மூன்று என்று மாற்றுவேன். பெயரை மாற்ற மாட்டேன். இந்த வாசலால் யார் கிளம்பினாலும் வழி சொல்வேன், அவர் திரும்பச் சொல்லும்போது கடைசிச் சொல் வரைக்கும் கேட்பேன். எனக்குப் பிடித்ததை அல்ல, அவர் சொல்வதை.

புது வழியை மேலே எழுதியிருக்கிறேன், அப்பா. நேரம் கிடைக்கும்போது திரும்பச் சொல்லுங்கள். கேட்டருகே நிற்கிறேன்.

வீட்டில் இருக்கிற,
உங்கள் மகள் மலர்